நாற்பத்தைந்து சொற்கள்: செய்தி அருங்காட்சியகம் ஒன்றின் முகப்பும் மொழிபெயர்ப்பும்

அருங்காட்சியகங்களில் பொதுவாகப் பொருள்கள் காட்சிக்கு வைக்கப்படுகின்றன. அப்பொருள்களை விளக்குவதற்கு மொழி துணைநிற்கிறது. செய்திக்கெனவே அமைந்த அருங்காட்சியகத்தில் இவ்வுறவு தலைகீழாகிவிடுகிறது. அங்கே காட்சிப்பொருளே மொழியாகும். பழைய அச்சுப்பொறிகளும் ஒளிப்படக் கருவிகளும் அங்கு இல்லாமலில்லை. எனினும் பார்வையாளர் நின்று பார்ப்பவற்றுள், சரியாகச் சொன்னால் நின்று படிப்பவற்றுள், பெரும்பகுதி தலைப்புகளும் செய்திப் பத்திகளுமே. எனவே இத்தகைய அருங்காட்சியகத்தை வேற்றுமொழியாளருக்கு விளக்க முற்படுபவர், முதற் காட்சிக் கூடத்தை எட்டுமுன்னரே மொழிபெயர்ப்பாளராகிவிடுகிறார். அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் 2008 முதல் 2019 வரை இயங்கிய 'நியூசியம்' என்னும் செய்தி அருங்காட்சியகத்தின் முகப்பில் பொறிக்கப்பட்டிருந்த 45 சொற்களைத் தமிழில் தருவதில் எழும் சிக்கல்களை இக்கட்டுரை முதன்மையாக ஆராய்கிறது. உள்ளே வைக்கப்பட்டிருந்த நாளிதழ்த் தலைப்புகளைப் பற்றிய சில குறிப்புகளும் தொடர்ந்து இடம்பெறுகின்றன.

இவ்வருங்காட்சியகத்தின் வரலாறு சுருக்கமானது. 'யுஎஸ்ஏ டுடே' நாளிதழைத் தொடங்கிய ஆல் நியூஹார்த் 1991-இல் நிறுவிய 'ஃப்ரீடம் ஃபோரம்' என்னும் அறக்கட்டளை இதனை 1997 ஏப்ரலில் வர்ஜீனியா மாநிலத்தின் ஆர்லிங்டனில் முதலில் திறந்தது. அது 2002-இல் மூடப்பட்டு, 2008 ஏப்ரல் 11 அன்று வாஷிங்டனின் பென்சில்வேனியா நிழற்சாலையில், நாடாளுமன்றக் கட்டடத்திற்கும் குடியரசுத் தலைவர் மாளிகைக்கும் இடைப்பட்ட ஓரிடத்தில், புதிய கட்டடத்தில் மீண்டும் திறக்கப்பட்டது. சுற்றிலுமிருந்த ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்களுக்குக் கட்டணமின்றிச் செல்ல முடிந்த நகரில் இங்கு நுழைய ஏறத்தாழ 25 டாலர் கொடுக்க வேண்டியிருந்தது. நிதி நெருக்கடி முற்றியதால் கட்டடம் 37 கோடியே 25 இலட்சம் டாலருக்கு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்திற்கு விற்கப்பட்டது. 2019 டிசம்பர் 31 அருங்காட்சியகத்தின் இறுதி நாளாயிற்று.

பெயர்

'நியூசியம்' என்பது செய்தியைக் குறிக்கும் 'நியூஸ்' என்ற சொல்லும் 'மியூசியம்' என்ற சொல்லும் கலந்த கலவைச் சொல். இரு சொற்களும் ஓரொலியில் ஒன்றின்மேல் ஒன்று படிந்து நிற்பதால் அதன் பொருள் கேட்ட அளவில் விளங்கிவிடுகிறது. தமிழில் இத்தகைய கலவைக்கு இடம் குறைவு, தொகைச்சொல்லாக்கமே இயல்பு. 'செய்தியகம்' என்று ஆக்கலாமெனத் தோன்றும். ஆயின் அச்சகம், மருந்தகம், உணவகம் ஆகியவற்றில் 'அகம்' என்பது அப்பொருள் உருவாகும் அல்லது கிடைக்கும் இடத்தைச் சுட்டுகிறது. எனவே 'செய்தியகம்' என்றால் படிப்பவர் செய்தி நிறுவனத்தையே நினைப்பார். 'செய்தி அருங்காட்சியகம்' என விரித்துரைப்பதே பொருந்தும். கலவைச் சொல்லின் குறும்பு அதில் இழக்கப்படுகிறது.

இந்திய மொழிகள் அருங்காட்சியகத்தைக் குறிக்க ஆளும் சொற்கள் ஒன்றோடொன்று ஒப்பிடத்தக்கவை. போபாலில் 1984-இல் நிறுவப்பட்ட மாதவராவ் சப்ரே நினைவுச் செய்தித்தாள் அருங்காட்சியகம் தன் இந்திப் பெயரில் 'சங்கிரகாலயம்' என்ற சொல்லைக் கொண்டுள்ளது. அச்சொல் திரட்டி வைப்பதை முன்னிறுத்துகிறது. தமிழின் 'அருங்காட்சியகம்' காட்டுவதை முன்னிறுத்துகிறது. இலங்கைத் தமிழில் வழங்கும் 'நூதனசாலை' புதுமையைச் சுட்டுகிறது. 'நியூஸ்' என்ற ஆங்கிலச் சொல்லும் புதியவற்றைச் சுட்டுவதாகவே பிறந்ததாகலின், செய்தி அருங்காட்சியகத்திற்கு இலங்கைச் சொல்லே மிகப் பொருத்தமாக அமைவது ஒரு தற்செயல். சென்னை மக்கள் எழும்பூர் அருங்காட்சியகத்தைச் 'செத்த காலேஜ்' என்றும் விலங்குக் காட்சிசாலையை 'உயிர் காலேஜ்' என்றும் வழங்கிய வழக்கை நினைவுகூர்வோர், நேற்றைய நாளிதழ் இவ்விரண்டனுள் எதில் சேரும் என்று வினவக்கூடும்.

முகப்பு

வாஷிங்டன் கட்டடத்தின் முகப்பில் 74 அடி உயரத்தில், ஏறத்தாழ 50 டன் எடையுள்ள டென்னசிச் சலவைக்கற் பலகைகளில், அமெரிக்க அரசியலமைப்பின் முதல் திருத்தம் முழுவதும் பொறிக்கப்பட்டிருந்தது. 1789-இல் முன்மொழியப்பட்டு 1791 டிசம்பர் 15 அன்று ஏற்புப் பெற்ற அத்திருத்தம் ஒரே வாக்கியம், 45 சொற்கள். அமெரிக்கர் அதனைப் பெரும்பாலும் சொல்லெண்ணிக்கையோடு சேர்த்தே பேசுவர். தெருவில் செல்பவரும் அண்ணாந்து பார்த்துப் படித்துவிடக்கூடிய அளவினது அது. ஆனால் அதைத் தமிழாக்க முனையும்போது ஏறத்தாழ ஒவ்வொரு சொல்லிலும் நிற்க வேண்டியிருக்கிறது.

முதல் தடை பெயரிலேயே உள்ளது. இந்திய வாசகருக்கு 'அரசியலமைப்பின் முதல் திருத்தம்' என்பது 1951-ஆம் ஆண்டின் சட்டத்தைச் சுட்டும். இரண்டின் திசையும் எதிரெதிரானது. பம்பாயில் வெளிவந்த 'கிராஸ் ரோட்ஸ்' என்னும் வார இதழ் சென்னை மாநிலத்துள் நுழைவதற்கு அம்மாநில அரசு விதித்த தடையை, ரமேஷ் தாப்பர் வழக்கில் 1950 மே மாதம் உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது. அத்தகைய தீர்ப்புகளின் விளைவாகக் கொணரப்பட்ட இந்தியத் திருத்தம், பேச்சுச் சுதந்திரத்தின்மீது அரசு விதிக்கக்கூடிய கட்டுப்பாடுகளின் காரணங்களுள் பொது ஒழுங்கு முதலியவற்றைச் சேர்த்தது. கட்டுப்பாடு நியாயமானதாக இருக்க வேண்டும் என்ற வரையறையையும் உடன் சேர்த்தது. அமெரிக்கத் திருத்தமோ சட்டமன்றத்தின் கையைக் கட்டுவது. ஆகவே தமிழில் 'அமெரிக்க' என்ற அடையும் 1791 என்ற ஆண்டும் இன்றி 'முதல் திருத்தம்' என எழுதுவது தவறான சட்டத்தையே வாசகரின் நினைவுக்குக் கொண்டுவரும்.

வாக்கியத்தின் முதற்சொல் 'காங்கிரஸ்'. அதனை அப்படியே ஒலிபெயர்த்தால் தமிழர் ஒரு கட்சியின் பெயராகவே படிப்பர். 'பேராயம்' என்னும் சொல் சிலப்பதிகாரத்தின் எண்பேராயம் வரை பின்செல்லும் பழமையுடையது. எனினும் இன்று திருச்சபையின் ஆட்சிப் பகுதியைக் குறிக்கவும் அது வழங்குவதால், சமயத்தையும் அரசையும் பிரித்துவைக்கும் ஒரு வாக்கியத்தில் அதனை ஆள்வது விரும்பத்தக்கதன்று. 'அரசு' எனப் பொதுமைப்படுத்துவோரும் உண்டு. அது பொருளை மாற்றிவிடும். எழுதப்பட்ட நாளில் இத்திருத்தம் கட்டுப்படுத்தியது ஒன்றிய நாடாளுமன்றத்தை மட்டுமே. பேச்சுச் சுதந்திரப் பாதுகாப்பு மாநிலங்களையும் கட்டுப்படுத்தும் என்ற கொள்கை 1925-இன் கிட்லோ வழக்கிலிருந்தே நீதிமன்றத்தில் வேரூன்றத் தொடங்கியது. நீதிமன்றம் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கும் மேலான காலத்திற்குப்பின் செய்த விரிவாக்கத்தை மொழிபெயர்ப்பாளர் மூலத்திற்குள்ளேயே செய்துவிடலாகாது. 'அமெரிக்க நாடாளுமன்றம்' என்பதே குறைந்த தீங்குடையது.

அடுத்து எதிர்மறை. ஆங்கிலத்தில் எதிர்மறை வினையில் இல்லை. 'எச்சட்டமும் இல்லை' என்பதுபோலப் பெயரின்முன் நிற்கிறது. தமிழில் பெயரை இவ்வாறு எதிர்மறைப்படுத்த இயலாது. 'சட்டம் எதனையும்' என உம்மை கொடுத்து, வினையை எதிர்மறையாக்க வேண்டும். அவ்வினைக்கு மூன்று வடிவங்கள் எதிர்ப்படுகின்றன. 'இயற்றாது' என்பது எதிர்காலத்தைப் பற்றிய கூற்றாகவும் படிக்கப்படலாம்; 'இயற்றாமல்' என்ற பொருளுடைய வினையெச்சமாகவும் படிக்கப்படலாம். 'இயற்றக்கூடாது' என்பது அன்றாட அறிவுறுத்தலின் தொனியுடையது. 'இயற்றலாகாது' என்பதே விலக்கு விதியின் வன்மையும் சட்டத் தமிழின் நடையும் ஒருங்கே உடையது.

சொல்வரிசை வேறொரு சிக்கலைத் தோற்றுவிக்கிறது. ஆங்கில மூலத்தின் முதல் ஐந்து சொற்களிலேயே எழுவாயும் விலக்கும் முடிந்துவிடுகின்றன. முகப்பை அண்ணாந்து பார்ப்பவர் மேல்வரியிலேயே இது ஒரு தடை என்பதை அறிகிறார். எஞ்சிய 40 சொற்கள் அத்தடையின் எல்லையை விவரிப்பவை. தமிழோ வினையை இறுதியில் வைக்கும் மொழி. இதே வாக்கியத்தைத் தமிழில் பொறித்திருந்தால், சமயம், பேச்சு, அச்சு, கூட்டம், மனு ஆகிய அனைத்தையும் படித்துத் தெருமட்டத்தை நெருங்கிய பின்னரே, இவை விலக்கப்படுகின்றனவா காக்கப்படுகின்றனவா என்பது தெரிந்திருக்கும். 'பின்வருவன குறித்துச் சட்டம் இயற்றலாகாது' என முன்னே கூறிப் பட்டியலிடும் உத்தியைச் சிலர் பரிந்துரைப்பர். அது அலுவலகச் சுற்றறிக்கைக்குப் பொருந்தும். ஒரே மூச்சில் ஓடும் வாக்கியத்தைத் துண்டுகளாக்கிவிடும்.

சொற்பொறிகளும் உண்டு. 'ரெஸ்பெக்டிங்' என்பதற்கு இங்கே மதித்தல் என்ற பொருள் சிறிதுமில்லை. 'குறித்து' என்பதே பொருள். 'எஸ்டாப்ளிஷ்மென்ட்' என்பது சமய நிறுவனம் அன்று. ஒரு சமயத்தை அரசின் சமயமாக நிறுவும் செயல். 'சமய நிறுவனத்தை மதிக்கும் சட்டம் இயற்றக்கூடாது' என்று ஒருவர் மொழிபெயர்த்தால் அதன் ஒவ்வொரு சொல்லும் அகராதியில் இருக்கும். வாக்கியம் மட்டும் மூலத்தில் இராது.

இவற்றைவிட நுட்பமானது வினைகளின் வேறுபாடு. சமய வழிபாட்டைப் பற்றிக் கூறுமிடத்தில் மூலம் 'தடுக்கும்' என்ற பொருளுடைய சொல்லை ஆள்கிறது. பேச்சு, அச்சு ஆகியவற்றைப் பற்றிக் கூறுமிடத்தில் 'குறைக்கும், சுருக்கும்' என்ற பொருளுடைய 'அப்ரிட்ஜிங்' என்ற சொல்லுக்கு மாறுகிறது. நூலைச் சுருக்குவதற்கும் ஆங்கிலத்தில் இதே சொல் வழங்குகிறது. பேச்சை முற்றிலும் தடுப்பது மட்டுமன்று, அதன் பரப்பில் ஒரு பகுதியைக் குறைப்பதுங்கூட விலக்கப்பட்டது என்ற வாதத்திற்கு இச்சொல் இடமளிக்கிறது. இரண்டு இடத்திலும் 'தடை செய்யும்' எனத் தமிழாக்கினால் அவ்வாதம் தமிழில் எழவே இடமிராது. செய்தித்தாளைத் தடைசெய்யாமல், அதன் பக்கங்களைக் குறைத்தோ விலையை வரையறுத்தோ அதன் குரலைத் தணிக்க முடியும் என்பதை இந்திய நீதிமன்றங்களும் கண்டுள்ளன. பக்க அளவையும் விலையையும் பிணைத்த சட்டத்தை எதிர்த்துச் 'சகாள்' நாளிதழ் தொடுத்த வழக்கில் 1961-இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாததாக்கியது. தடுத்தலுக்கும் குறைத்தலுக்கும் இடையிலுள்ள தொலைவு, ஆகவே, வெறும் சொல்நயம் அன்று.

உள்ளதும் தருவதும்

இத்திருத்தத்தைப் பற்றித் தமிழில் எழுதப்படும் கட்டுரைகளிலும் பாடநூல்களிலும் 'முதல் திருத்தம் பேச்சுரிமை வழங்குகிறது' என்ற வகையான தொடர் எளிதில் வந்துவிடுகிறது. மூலத்தின் இலக்கணம் இதற்கு மாறானது. அங்கே 'வழங்கும்' என்ற வினையே இல்லை. வாக்கியத்தின் எழுவாய் மக்களும் அன்று; நாடாளுமன்றமே எழுவாய். சுதந்திரம் என்பது செயப்படுபொருளின் உள்ளே, 'தி' என்ற சுட்டடையுடன் வருகிறது. ஏற்கெனவே அறியப்பட்ட, ஏற்கெனவே உள்ள ஒன்றைச் சுட்டவே ஆங்கிலம் அவ்வடையை ஆளும். ஆகவே மூலம் சொல்வது: சுதந்திரம் முன்னரே உள்ளது, சட்டமன்றம் அதைத் தொடலாகாது. 45 சொற்களில் அச்சுட்டடை மட்டும் 6 முறை வருகிறது.

தமிழில் சுட்டடை இல்லை. எனவே இவ்வேறுபாடு தமிழில் இழக்கப்பட வேண்டியதே என முடிவு கட்டுவது பொருந்தாது. அஃறிணைப் பெயர்களில் ஐகார உருபு வருவதும் தொகுவதும் தமிழில் இப்பணியின் ஒரு பகுதியைச் செய்கின்றன. 'புத்தகம் வாங்கினான்' என்பதில் புத்தகம் எது என்பது கருதப்படவில்லை. 'புத்தகத்தை வாங்கினான்' என்பதில் பேசுவோரும் கேட்போரும் அறிந்த ஒரு புத்தகம் உளதாகிறது. இவ்வாறே 'சுதந்திரம் வழங்கும்' என்பதில் சுதந்திரம் வழங்கப்பட்ட பின்னரே உளதாகிறது. 'சுதந்திரத்தைக் குறைக்கும்' என்பதில் அது முன்னரே உளது. உருபும் வினையும் சேர்ந்து ஆங்கிலச் சுட்டடையின் வேலையைச் செய்துவிடுகின்றன. மொழிபெயர்ப்பாளர் செய்ய வேண்டியது ஒன்றே: வினையை மாற்றாமல் விடுதல்.

மிகுதியாகச் சொல்லிவிடுவதும் இழப்புக்கு வழிவகுக்கும். பொருளைத் தெளிவாக்கக் கருதி 'மக்களின் பேச்சுச் சுதந்திரத்தை' எனச் சேர்ப்போர் உளர். மூலத்தில் 'மக்கள்' என்ற சொல் கூடுதல், மனுச் செய்தல் ஆகியவற்றோடு மட்டுமே வருகிறது. பேச்சு எவருடையது என்று வாக்கியம் கூறவில்லை. 2010-இல் 'சிட்டிசன்ஸ் யுனைடெட்' வழக்கில், தேர்தல் தொடர்பான பேச்சிற்காக வணிக நிறுவனங்கள் தனித்துச் செலவிடுவதற்கும் இத்திருத்தத்தின் பாதுகாப்பு உண்டு என அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பை ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் பேசுபவர் யார் என்பது சொல்லப்படாத இவ்விடைவெளியிலேயே நின்று வாதிட்டனர். 'மக்களின்' என்ற ஒரு சொல்லைச் சேர்க்கும் தமிழாக்கம், தன்னை அறியாமலே, அவ்வழக்கில் ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது.

செய்தி அருங்காட்சியகத்தின் நோக்கில் முதன்மையான சொல் 'பிரெஸ்'. தமிழில் 'பத்திரிகைச் சுதந்திரம்' என்பதே நிலைபெற்ற வழக்கு. ஆயின் 1791-இல் இச்சொல் முதன்மையாகச் சுட்டியது அச்சுப்பொறியையும் அதனால் வெளியிடுவதையுமேயன்றிச் செய்தியாளர் என்ற ஒரு தொழில்வகுப்பினரை அன்று என வாதிடுவோர் உளர். தொழில்வகுப்பையே அது சுட்டியது எனக் கொள்வோரும் உளர். 1938-இல் ஜார்ஜியா மாநிலத்தின் கிரிஃபின் நகரில் துண்டறிக்கை வழங்கிய ஒருவரின் வழக்கில், இச்சொல் நாளிதழ்களோடு அடங்குவதன்று, துண்டறிக்கைகளையும் உள்ளடக்கும் என உச்ச நீதிமன்றம் தெளிவுறுத்தியது. 'பத்திரிகை' எனத் தமிழாக்கினால் துண்டறிக்கை வெளியே நிற்கும். 'ஊடகம்' எனின் 1791-க்கு ஒவ்வாத தொலைக்காட்சி உள்ளே வரும். 'அச்சுச் சுதந்திரம்' வழக்கில் இல்லாத தொடர். எனினும் அது மூலத்தின் ஐயத்தை அப்படியே காக்கிறது. இந்திய அரசியலமைப்பின் 19-ஆம் உறுப்பு அச்சைத் தனியே குறிப்பிடவில்லை என்பதும், குடிமகனின் சுதந்திரத்திற்குள்ளேயே அது அடங்கும் என அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபையில் விளக்கினார் என்பதும் இவ்விடத்து ஒப்புநோக்கத்தக்கன.

இறுதித் தொடர் மட்டும் தமிழில் தடையின்றி வந்து அமர்கிறது. மனுச் செய்தலும் குறைதீர்த்தலும் தமிழகத்தின் ஆட்சி வழக்கில் உயிருடன் உள்ள சொற்கள். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் மக்கள் குறைதீர்க்கும் நாளுக்குச் சென்றுவந்த எவருக்கும் அவற்றை விளக்க வேண்டுவதில்லை. பசு ஆராய்ச்சி மணியை அசைத்த கதையும் இவ்வுரிமையைப் பற்றியதுதான்.

மேற்கூறியவற்றைக் கருத்திற்கொண்டு அமைக்கப்பட்ட முயற்சி வடிவம் ஒன்று வருமாறு:

சமயம் எதனையும் அரச சமயமாக நிறுவுவது குறித்ததாகவோ, சமயத்தை விருப்பப்படி கைக்கொள்ளுவதைத் தடுப்பதாகவோ, பேச்சுச் சுதந்திரத்தையோ அச்சுச் சுதந்திரத்தையோ, அமைதியாகக் கூடவும் குறைதீர்க்குமாறு அரசிடம் மனுச்செய்யவும் மக்களுக்குள்ள உரிமையையோ குறைப்பதாகவோ அமையும் சட்டம் எதனையும் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றலாகாது.

இதில் உள்ளவை 28 சொற்கள். ஆங்கிலத்தில் 5 முறை தனிச்சொல்லாக நின்ற 'ஆஃப்', 4 முறை நின்ற 'ஆர்' ஆகியவற்றின் பொருள்களுள் பெரும்பாலானவை தமிழில் தொகைகளிலும் உருபுகளிலும் ஓகார இடைச்சொல்லிலும் கரைந்துவிட்டமையே காரணம். 'நாற்பத்தைந்து சொற்கள்' என்ற பெருமிதம் மொழிபெயர்ப்பில் நிலைப்பதில்லை. அதற்கு ஈடாக ஒன்று கிடைக்கிறது. 'தடுப்பதாகவோ, குறைப்பதாகவோ அமையும் சட்டம்' என்ற பெயரெச்ச அமைப்பு, குறைக்கும் செயலைச் சட்டத்தின்மேலேயே ஏற்றுகிறது. 'தடுத்தோ குறைத்தோ சட்டம் இயற்றலாகாது' என வினையெச்சத்தால் அமைத்திருந்தால் அச்செயல் நாடாளுமன்றத்தின்மேல் ஏறி, அதன் உள்நோக்கத்தைப் பற்றிய கூற்றாகிவிட்டிருக்கும். மூலம் நோக்கத்தைப் பற்றிப் பேசவில்லை.

உள்ளே

கட்டடத்தினுள் இருந்தவற்றுள் மொழியியலாளர் நின்று பார்க்கத்தக்கவை பல. பெர்லின் சுவரின் 12 அடி உயரமுள்ள எட்டுத் துண்டுகள் அங்கு நிறுத்தப்பட்டிருந்தன. மேற்கு நோக்கிய பக்கம் எழுத்தும் ஓவியமுமாக நிறைந்திருந்தது; கிழக்கு நோக்கிய பக்கம் வெறுமையாக இருந்தது. மொழிபெயர்க்க ஏதுமற்ற அப்பக்கமே மிகுதியாகப் பேசியது எனலாம்.

2001 செப்டம்பர் 11 நிகழ்ச்சிகளுக்கான கூடத்தில், மறுநாள் வெளியான 127 நாளிதழ் முதற்பக்கங்கள் சுவரை நிறைத்திருந்தன. 'நியூயார்க் டைம்ஸ்' அன்று இட்ட தலைப்பு 'யு.எஸ். அட்டாக்டு' என்ற இரு சொற்களே. தனித்து நோக்கின் இத்தொடர் இருபொருளுடையது: அமெரிக்கா தாக்கியது எனவும் படிக்கலாம், தாக்கப்பட்டது எனவும் படிக்கலாம். துணைவினையை விட்டுவிடும் ஆங்கிலத் தலைப்பு மரபினால் இறந்தகால வடிவும் செயப்பாட்டு எச்ச வடிவும் ஒன்றாகி நிற்கின்றன. எவரும் அன்று அதைத் தவறாகப் படிக்கவில்லை. உலகறிவு இலக்கணத்தின் இடைவெளியை நிரப்பியது. தமிழில் 'அமெரிக்கா மீது தாக்குதல்' என எழுதுவதே தலைப்பு மரபு. 'மீது' என்னும் சொல்லுருபு எந்த ஐயத்திற்கும் இடம் தராது. ஆயின் 'தாக்கப்பட்டது' என்பதிலுள்ள முடிந்துபோன நிகழ்வின் தாக்கம் பெயர்ச்சொல்லில் தணிந்துவிடுகிறது.

காலங்காட்டலும் இவ்வாறே. ஆங்கிலத் தலைப்பு நடந்து முடிந்ததையும் நிகழ்காலத்தில் கூறும். 1948 நவம்பர் 3 அன்று, அச்சுத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தால் வழக்கத்தைவிட முன்னதாகவே அச்சேற வேண்டியிருந்த 'சிக்காகோ டெய்லி டிரிப்யூன்', குடியரசுத் தலைவர் தேர்தலில் ட்ரூமனை டூயி வென்றார் எனத் தலைப்பிட்டு, இதழியல் வரலாற்றின் மிகப் புகழ்பெற்ற பிழையைச் செய்தது. மூலத்தின் வினை நிகழ்காலம். தமிழ்த் தலைப்பாயின் 'ட்ரூமனைத் தோற்கடித்தார் டூயி' என இறந்தகாலத்தையே ஆண்டிருக்கும். எழுவாயை இறுதிக்குத் தள்ளி அழுத்தமும் கொடுத்திருக்கும். ஆங்கில நிகழ்காலத்தைத் தமிழிலும் நிகழ்காலமாகவே 'தோற்கடிக்கிறார்' எனத் தருவது பிழை. அது முடிவு இன்னும் உறுதியாகவில்லை என்ற பொருளைத் தந்து, அந்நாளிதழ் கொண்டிராத ஒரு தயக்கத்தை அதன்மேல் ஏற்றிவிடும்.

இவ்வருங்காட்சியகத்தின் கழிவறைச் சுவர்களில் பதித்த ஓடுகளில் நகைப்பிற்கிடமான தலைப்புகள் அச்சிடப்பட்டிருந்தன. வந்தவர் பலர் மறவாமல் பேசியது அவற்றைப் பற்றியே. இத்தகைய தலைப்புகளுக்குச் சான்றாக, 'கொலம்பியா ஜர்னலிசம் ரிவியூ' 1980-இல் வெளியிட்ட தொகுப்பிற்கே பெயராக அமைந்த தலைப்பைக் கூறலாம். நாய்க்கடி பட்டவருக்கு மீட்புக் குழுவினர் உதவினர் என்பது செய்தி; நாய் அவரைக் கடிப்பதற்குக் குழுவினர் உதவினர் என்பதும் அதே சொற்களுக்குப் பொருந்தும். 'பைட்' என்ற ஒரே வடிவம் பெயராகவும் வினையாகவும் நிற்க முடிவதே இதற்குக் காரணம். தமிழில் 'கடி' என்பது பெயராகவும் வினையடியாகவும் நிற்குமாயினும், முற்றுவினையில் காலமும் பால் எண் இடமும் வெளிப்படுவதால் இவ்வகை மயக்கம் எழாது. தமிழின் மயக்கம் வேறிடத்தில் பிறக்கும். 'கள்ளச்சாராயம் விற்ற பெண்ணின் கணவர் கைது' என்ற தலைப்பை எண்ணிப் பார்க்கலாம். விற்றவர் பெண்ணா, கணவரா? பெயரெச்சம் அடுத்துள்ள பெயரைத் தழுவுகிறதா, அதனைத் தாண்டியுள்ள பெயரைத் தழுவுகிறதா என்பது வடிவத்தில் காட்டப்படுவதில்லை. ஒரு மொழியின் தலைப்புப் பிழை அம்மொழியின் இலக்கணத்திலிருந்தே பிறப்பதாகலின் அதனை மொழிபெயர்க்க இயலாது, விளக்கவே இயலும். விளக்கப்பட்ட நகைச்சுவைக்கு என்ன நேரும் என்பது யாவரும் அறிந்ததே. மேற்கண்ட தமிழ்த் தலைப்பிலோ நகைப்பதற்கும் ஒன்றுமில்லை. குற்றம் செய்யாத ஒருவர்மேல் குற்றம் ஏறும் வாய்ப்பு அதில் உள்ளது.

2018 ஆகஸ்டில் இவ்வருங்காட்சியகத்தின் விற்பனைக் கடை, 'நீ பெரும் போலிச் செய்தி' என்ற கருத்தமைந்த தொடர் அச்சிட்ட மேற்சட்டைகளை விற்றுக் கண்டனத்துக்கு ஆளாகி அவற்றை விலக்கிக்கொண்டது. செய்தியாளர் ஒருவரை நோக்கி 2017-இல் குடியரசுத் தலைவர் டிரம்ப் ஆண்ட தொடர் அது. 'ஃபேக் நியூஸ்' என்பதற்குத் தமிழில் 'பொய்ச் செய்தி', 'போலிச் செய்தி' என இரண்டும் வழங்குகின்றன, இரண்டும் ஒன்றல்ல. பொய் என்பது உள்ளடக்கத்தைப் பற்றியது. போலி என்பது வடிவத்தைப் பற்றியது: உண்மைச் செய்தியைப் போன்றே புனைந்து வருவது. இலக்கண நூலார் 'இல்முன்' என்பது 'முன்றில்' என நிற்பதை இலக்கணப்போலி என்றபோது அதில் பழிப்பு ஏதுமில்லை. முறையான செய்தி நிறுவனம் இழைத்த தவறு பொய்ச் செய்தியாகலாம். அது போலிச் செய்தி ஆகாது. மேற்கண்ட தொடரில் செய்தியைக் குறிக்க வேண்டிய சொல் ஒரு மனிதருக்குப் பயனிலையாக நிற்கிறது. அங்கே இவ்வேறுபாடு முற்றிலும் அழிந்துவிடுகிறது.

அருங்காட்சியகம் மூடப்பட்ட பின் முகப்புக் கற்பலகை கழற்றப்பட்டு ஃபிலடெல்ஃபியாவிலுள்ள தேசிய அரசியலமைப்பு மையத்திற்கு அளிக்கப்பட்டது; 2022-இல் அங்கு நிறுவப்பட்டது. வாஷிங்டனில் அப்பலகையின் முதற்சொல் சுட்டிய மன்றம் அதே சாலையின் கிழக்கு முனையில் கண்ணுக்குத் தெரிந்தது. ஃபிலடெல்ஃபியாவிலோ, இத்திருத்தம் ஏற்புப் பெற்ற 1791-இல் அம்மன்றம் கூடிய பழைய கட்டடம் அருகிலேயே உள்ளது. சொல் ஒன்றே, அது கைநீட்டிச் சுட்டும் பொருள் மட்டும் இடம் மாறியபோது இரு நூற்றாண்டு பின்னே சென்றுவிட்டது.

இவ்வகைச் சுட்டு மாற்றம் முதற்பக்கங்களுக்கும் உண்டு. கட்டடத்தின் முன்னுள்ள நடைபாதையில் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 80 நாளிதழ்களின் அன்றைய முதற்பக்கங்கள் கண்ணாடிச் சட்டங்களில் வைக்கப்பட்டன. அங்கே 'இன்று' என்பது படிப்பவரின் இன்று. உள்ளே வரலாற்றுக் கூடத்தின் முதற்பக்கங்களிலும் அதே சொல் இருந்தது. அது அவருடைய இன்று அன்று. பழைய பக்கம் ஒன்றைத் தமிழில் தருபவர் 'அன்று', 'அதற்கு முந்தைய நாள்' எனத் திருத்தி எழுத முற்படின், செய்தியை வரலாறாக மாற்றிவிடுகிறார். 'இன்று', 'நேற்று' என்றே விட்டு, பக்கத்தின் தலையில் உள்ள தேதியைப் பெயர்ப்பின் முதல் வரியாக இடுவதே தக்கது. விளக்க அட்டை எழுதுபவர்க்கு இவ்விதி பொருந்தாது. அவர் நாளைக் குறிப்பிட்டே எழுத வேண்டும்.